நத்தையின் பை

செவ்வாய், மதியம்
ஆற்றங்கரைப் பாதை, முதல் விடுதி

மரியாதைக்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக மலையேறிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே நலம். நேற்று சாப்பாட்டு மேசையில், என் சிநேகிதி பல் டாக்டரும் அவள் கணவர் வாத்தியாரும் பார்க்க, என்னை "நத்தை" என்று சொன்னதிலிருந்து ரொம்பவே நலம். விடுதிக்காரம்மாவுக்கு நம் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் தாங்கள் மேசைமேல் விரலை ஊர்ந்து ஊர்ந்து நடித்துக் காட்டியதில் அவளுக்கும் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போன் இருந்திருந்தால் இரண்டு வார்த்தையில் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். "ஒரு மாசம் மனுஷங்களா இருப்போம்" என்ற பல் டாக்டரின் பேச்சைக் கேட்டு, நாலு பேர் போனையும் படகுத்துறை விடுதியில் பூட்டிவைத்துவிட்டு வந்தோமே, அந்தப் புத்திசாலித்தனத்தால் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. மலைக்கும் ஆற்றுக்குமாகப் போய்வரும் அந்த ஒரே பஸ் எல்லா விடுதி வாசலிலும் நிற்கிறது. டிரைவரிடம் கொடுத்தால் சேர்த்துவிடுவார் என்று இங்கே கையைக் காலை ஆட்டிச் சொல்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். விடியும் முன்னே, எங்கள் இரண்டு பேரையும் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு, வாத்தியாரோடு மலைப்பாதையில் கோபமாகக் கிளம்பிப் போனீர்களே, தாழ்வாரத்தில் மாட்டியிருந்த இரண்டு நீலப் பைகளில் எதை எடுத்துப்போனோம் என்று பார்த்தீர்களா? ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை என்று ஒரே மாதிரி இரண்டு வாங்கியது தாங்கள். அடையாளத்துக்கு நான் கட்டிவைத்த மஞ்சள் ரிப்பனை, ஷூ லேஸ் அறுந்துபோச்சு என்று உருவிக்கொண்டதும் தாங்கள். என் பை இப்போது உங்கள் முதுகில் இருக்கிறது. நான் உங்கள் கட்டம் போட்ட சட்டையில் இருக்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? இந்த நாட்டில் மலை இருக்கிறதாம், ஏரி இருக்கிறதாம். நான் பார்த்தது ஒரு நீலப் பையை மட்டும்தான். அதுவும் தூரத்தில், வளைவில் திரும்பி மறையும்போது. புது ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது, அதற்குமுன் ஒரு பயணம் போவோம் என்றுதானே கூட்டிவந்தீர்கள்? அங்கேயும் உங்கள் பின்னால் ஓடிவர எனக்குத் தெம்பில்லை. ஞாயிறு காலைப் படகில் ஊர் திரும்புகிறேன். பிறகு என் மருந்துக்கடையிலேயே இருந்துகொள்கிறேன். தாங்கள் தங்கள் வேகத்துக்குத் தனியாகப் போகலாம்.

இப்படிக்கு,
நத்தை

புதன், காலை
மலைப்பாதை, இரண்டாவது விடுதி

அன்புள்ள உனக்கு,

கடிதத்தை நீட்டும்போதே டிரைவரின் முகம் சரியில்லை. கன்னத்தில் கைவைத்துக் காட்டினார். முதல் வரியில் "அவர்களுக்கு" என்று பார்த்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்தன்றுகூட நீ எனக்கு இத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

பை மாறியது உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நேற்று முழுக்க முதுகில் ஏதோ உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. உயரம் ஏற ஏறக் காற்று குறையும், அதனால் சுமை கூடினதுபோலத் தோன்றும் என்று வாத்தியாருக்கு விளக்கினேன். அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர். "அப்படிங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் துண்டு எடுக்கலாம் என்று பையைத் திறந்தால் உன் நைட்டி வருகிறது. இங்கே குளிர் பல்லைத் தட்டுகிறது. வேறு வழியில்லாமல் பூப்போட்ட உன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கை முழங்கையோடு நின்றுவிட்டது. விடுதிக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சரி, நடந்தது நடந்துபோச்சு. பையை பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்று தூக்கிப்போனேன். டிரைவர் பையைக் காட்டினார், என்னைக் காட்டினார், இருக்கையைக் காட்டினார். ஆள் இல்லாத பை ஏறக்கூடாதாம். அதனால் நீ என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிடு. அதுதான் சுலபம். என்னால் நடையை நடுவில் விட முடியாது, இந்தப் பாதையை முழுசாக முடிப்பதாகத் திட்டம்.

இன்னொன்று. கோபப்படாமல் கேள். ஏன் ஒரு பாத்திரக்கடையையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்? பயணம் என்றால் தேவையானதை மட்டும் எடுத்துவர வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? இப்படி வந்தால் யாராக இருந்தாலும் மெதுவாகத்தான் நடக்க முடியும்.

உன்,
நான்தான்

புதன், மாலை
ஆற்றங்கரைப் பாதை, மூன்றாவது விடுதி

மரியாதைக்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

மூன்றாவது விடுதி என்பதைக் கவனிக்கவும். இரண்டாவதில் நாங்கள் நிற்கவேயில்லை.

பாத்திரக்கடை என்று எழுதியிருந்தீர்கள். கடைக்கு முதலாளி யார் என்று பார்த்துவிடுவோம். அந்தச் சின்ன அடுப்பும் பாத்திரமும் யாருக்காக? கண் திறந்ததும் டீ இல்லையென்றால் மனிதரோடு பேச மாட்டேன் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்காக. அடியில் கிடக்கும் தடி ஜாக்கெட், "ரெண்டு நாள் வெயிலா இருக்கு, இதக் கொஞ்சம் உன் பையில வச்சுக்கோ" என்று தாங்கள் கொடுத்தது. அது இருக்க, என் ஸ்வெட்டரைப் போட்டு ஏன் கிழிக்கிறீர்கள்? கயிறும் சுத்தியலும் கூடாரத்துக்கு. கூடாரம் முதல் வாரமே கிழிந்துவிட்டது, கயிற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மரத்தில் செய்த சதுரங்கப் பலகை வாத்தியாருடையது. என்னுடையது அந்த நைட்டி, ரெண்டு செட் துணி, மருந்துப் பொட்டலம், அவ்வளவுதான். மருந்திலும் பாதி உங்கள் முட்டிக்கு.

அப்புறம் கற்கள். பயப்படாமல் கைவிட்டுப் பாருங்கள், அடியில் இருக்கிறது. "இங்க பாரேன், என்ன கலரு! உனக்குத்தான்" என்று நீங்கள் வழியெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி ஆசையாகக் கொடுத்தவை. கொடுத்துவிட்டு நீங்கள் விறுவிறுவென்று நடந்துவிடுவீர்கள். ஆசையை யார் சுமப்பது?

இங்கே நடந்த கூத்தையும் சொல்கிறேன். உங்கள் பையில் பாதி காற்றுதான். அதை மாட்டிக்கொண்டு கிளம்பினேனா, கால் தானாகப் போகிறது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து பல் டாக்டர் கத்துகிறாள்: "ஏய்! அப்படியே உன் புருஷன் மாதிரி நடக்கிறியேடி, நில்லு!" இந்தப் பயணத்திலேயே நான் வாங்கின பெரிய வசவு அதுதான். ஆனாலும் நிற்கவில்லை. நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் பையின் பக்கவாட்டு ஜிப்பில் இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் எனக்குத் தலைசுற்றும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒன்று எடுத்து நீட்டுவீர்களே, அது. நான் ஒரேயடியாகத் தின்றுவிடுவேன் என்று ஒளித்துவைத்திருக்கிறீர்கள். ஒரேயடியாகத்தான் தின்றேன். பாதி கோபம் போய்விட்டது. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டாம்.

பஸ் ஏறி வர மாட்டேன். தூக்கிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பாத்திரக்கடை

வியாழன், மதியம்
மலைப்பாதை, மூன்றாவது விடுதி (இன்னும் வந்து சேரவில்லை, வழியில் ஒரு பாறைமேல்)

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் படித்தபின் பையைக் கட்டிலில் கொட்டினேன். கட்டில் நிறைந்து தரைக்கும் வந்தது. வாத்தியாரும் நானும் சுற்றி நின்று பார்த்தோம், ஏதோ வீடு காலி செய்கிற மாதிரி. அவர் சதுரங்கப் பலகையை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாளா உங்க பையிலதான் இருக்குன்னு நெனச்சேன் சார்" என்றார். நான் அது அவர் பையில் இருப்பதாக நினைத்திருந்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் ஆடுவோமே, பலகை எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீ கொண்டுவந்து வைப்பாய், நாங்கள் ஆடுவோம். பலகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். ஸ்வெட்டரைக் கழற்ற ஆள் உதவி தேவைப்பட்டது.

கற்களை எறிந்துவிடலாம் என்று பள்ளத்தின் ஓரமாகப் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், எந்தக் கல்லை எங்கே கொடுத்தேன் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை. நீ ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாய். நின்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் வேகமாக நடக்கிறார். முதலில் வளைவுக்கு வளைவு நின்று பார்த்தார். இப்போது நிற்பதில்லை. அவர் முதுகு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. சட்டையில் இடது தோள்பக்கம் ஒரு தையல் விட்டிருக்கிறது.

காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு கிழவி என்னைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே ஒரு நொண்டி ஆடும் தாண்டிப் போனது.

நத்தை ஏன் மெதுவாகப் போகிறது என்று எனக்கு இப்போது தெரிகிறது. வீட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு போகிறது. அதை முந்திப்போகிறவன் கைவீசிக்கொண்டு போகிறான், அதில் அவனுக்குப் பெருமை வேறு.

ஞாயிறுக்குள் எப்படியும் படகுத்துறைக்கு வந்துவிடுவேன். வரைபடத்தில் தூரம் அதிகமில்லை.

உன்,
நொண்டி ஆட்டுக்குப் பின்னால் வருபவன்

வெள்ளி, மாலை
படகுத்துறை விடுதி

மரியாதைக்குரிய சர்வேயருக்கு,

"அவர்களை" எடுத்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள். அதற்குமேல் இப்போதைக்கு இல்லை.

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். நான் முன்னால் வந்தேன், பல் டாக்டர் ரொம்ப நேரம் கழித்து வந்தாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், என்னோடு பேச மாட்டாளாம். பூட்டிவைத்த போன்களை எடுத்துவிட்டேன். உங்களுடையதும் என்னிடம்தான் இருக்கிறது, அதனால் உங்களைக் கூப்பிட்டால் என் மடியிலேயே மணி அடிக்கும்.

அவள் கொப்புளத்துக்கு மருந்து போடும்போது ஒன்று உறைத்தது. வழியில் ஓரிடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாளாம். எனக்குக் காதிலேயே விழவில்லை. முன்னால் நடக்கிறவளுக்குப் பாதைதான் கண்ணில் படுகிறது, பின்னால் ஆள் வருவது மறந்தே போகிறது. மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவ்வளவு சுலபமாக மறந்துவிடுகிறது. உங்களைத் திட்ட ஆரம்பித்து என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் இதைக் கேளுங்கள். நத்தை என்றதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த மாற்றல்? அலுவலகத்தில் "சரி" என்று சொல்லிவிட்டு, இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து எனக்குச் செய்தி சொன்னீர்கள். அந்தக் கடையை நான் ஒருத்தியாக நிமிர்த்தினேன். வாசலில் வரிசை நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதை மூடுவதா, விற்பதா, வேண்டாம் என்பதா, ஒரு வார்த்தை கேட்டீர்களா? அன்றைக்கும் நீங்கள் அடுத்த வளைவில் திரும்பிவிட்டீர்கள். நான் இனிப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன்.

படகு ஞாயிறு காலை. அதற்குள் வந்தால் சேர்ந்து பேசிக்கொண்டு போவோம். வராவிட்டால் நான் ஏறிவிடுவேன், திரும்பிப் பார்க்க மாட்டேன். உங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

இப்படிக்கு,
முன்னால் வந்தவள்

சனி, காலை
மலைப்பாதை, கடைசி விடுதி

அன்புள்ள உனக்கு,

இதை வாத்தியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் சதுரங்கப் பலகையும் தானுமாக இன்று சாயங்காலமே உன்னிடம் வந்துவிடுவார். எனக்கு முட்டி வீங்கிவிட்டது. நீ வைத்திருந்த தைலத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

காலையில் பஸ் வந்தது. டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பையைக் காட்டி, என்னைக் காட்டி, இருக்கையைக் காட்டினார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார்கள். நான் ஏறவில்லை. ஒரு பை நிறையச் சாமானை இத்தனை நாள் நீ நடந்துதான் சுமந்தாய். நாலு நாள் சுமந்துவிட்டு நான் பஸ் ஏறினால், வாழ்நாள் முழுக்க உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. இது வீம்பு என்பாய். வீம்புதான். ஆனால் இந்த ஒரு வீம்பை மட்டும் அனுமதி.

மாற்றல் பற்றி நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் நான் காரணம்தான் சொல்லியிருந்தேன். சம்பளம், பதவி, நல்ல வீடு, இப்படி. நீ கேட்டது அது இல்லை. ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கேட்டாய். கேட்கவில்லை. அவ்வளவுதான் பதில்.

இப்போது கேட்கிறேன். எனக்காகக் கொஞ்சம் நிற்பாயா? படகு போனால் போகட்டும், அடுத்த வாரம் வரும். ஞாயிறு எப்போது வருவேன் என்று சொல்லத் தெரியவில்லை. வருகிறேன் என்பது மட்டும் நிச்சயம். குறுக்கே இறங்க ஒரு வழி இருக்கிறது என்கிறார்கள். குறுக்குவழி கண்டால் இறங்கிவிடுகிற நான் இந்தத் தடவை அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். பெரிய பாதையிலேயே வருவேன், சத்தியம்.

உன்,
பின்னால் வருபவன்

ஞாயிறு, மதியத்துக்குக் கொஞ்சம் முன்
படகுத்துறை, டிக்கெட் அறை

உனக்கு,

படகு போய்விட்டது. நான் போகவில்லை.

ஏறும் பலகை வரைக்கும் போனேன். ஒரு காலை வைத்தும் விட்டேன். பின்னால் நின்றவர் தள்ளாத குறை. அப்போது பார்த்துப் பல் டாக்டர், வெள்ளியிலிருந்து என்னோடு பேசாதவள், கரையிலிருந்து கத்துகிறாள்: "அந்த ஆளு முட்டி வீங்கி அத்தன சாமானையும் தூக்கிட்டு வந்துகிட்டிருக்காரு, நீ போறியா? போ, போ, நல்லா போ!" எனக்கு முந்தைய நாளே உன் கடிதத்தைப் படித்து அழுகை வந்திருந்தது. இவள் வேறு. இறங்கிவிட்டேன். கொப்புளத்தோடு நிற்க முடியாமல் அவள் வாத்தியாரோடு விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

நேற்று வாத்தியாரைக் கேட்டேன், எப்படி வருகிறாய் என்று. "சார் வந்துகிட்டேதாங்க இருக்காரு. எப்ப வருவாருன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். நீ நொண்டிக்கொண்டு வருவாய், நான் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து சுண்டலா கொறிப்பது? எதிரே வந்து பாதிச் சாமானை வாங்கிக்கொள்கிறேன். வெறுங்கையோடு வருகிறேன். உன் பை, நம் இரண்டு பேர் போன் எல்லாம் டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் இருக்கிறது. மலைப்பக்கம் சிக்னல் கிடையாது, அதைத் தூக்கி வந்து என்ன பயன்?

பெரிய பாதையில் வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாய். அப்படி வந்தால் வழியில் இருக்கும் பாலத்துக்கு முன்பே நாம் எதிரெதிரே பார்த்துவிடுவோம், இந்தக் கடிதத்துக்கு வேலையே இருக்காது. எழுதவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிறகு உன்னைப் பற்றி யோசித்தேன், எழுதி வைத்துவிட்டேன்.

இது உன் கையில் கிடைத்திருந்தால், நீ மறுபடியும் குறுக்குவழியில் இறங்கியிருக்கிறாய் என்று அர்த்தம்.

நான்

ஞாயிறு, மதியத்துக்குக் கொஞ்சம் பின்
படகுத்துறை பெஞ்ச்

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது.

திட்டுவதற்கு முன் கேள். பெரிய பாதையில்தான் வந்தேன். திருப்பத்தில் படகின் சங்கு கேட்டது. அவ்வளவுதான், சத்தியம், முட்டி, எல்லாம் மறந்துபோச்சு. யாருடைய காய்கறித் தோட்டம் வழியாகவோ விழுந்தடித்து இறங்கினேன். ஒரு நாய் பாதி வழி கூடவே வந்தது, வழிகாட்ட அல்ல. கரைக்கு வந்து பார்த்தால் படகு கைக்குட்டை அளவுக்குச் சின்னதாகத் தெரிகிறது. நீ போய்விட்டாய் என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? டிக்கெட் கொடுக்கும் அம்மா அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் உன் கடிதத்தையும் பையையும் கொண்டுவந்து வைத்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன். அவள் பயந்து உள்ளே போய்விட்டாள்.

உன் பின்னாலேயே ஓடிவரலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். நான் ஏற, நீ இறங்க, இன்னொரு வாரம் இப்படியே போகும். எனவே அசைய மாட்டேன். பஸ் இப்போது கிளம்புகிறது, டிரைவர் உன்னைப் பாலத்துப் பக்கம் பார்த்தால் கொடுப்பார். கன்னத்தில் கைவைக்கவில்லை, இந்தத் தடவை கண்ணடித்தார். மெதுவாக வா. நான் இருக்கிறேன். காத்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. பாதையில் யார் தலை தெரிந்தாலும் எழுந்து நிற்கிறேன்.

போன் கையில் கிடைத்ததும் மேலதிகாரியை வீட்டில் கூப்பிட்டேன். மாற்றல் பற்றி வீட்டில் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். "சரின்னு சொல்லிட்டீங்களேய்யா?" என்றார். "முந்திட்டேன் சார்" என்றேன். ஒரு வாரம் தருகிறேன் என்றார். போவதா, வேண்டாமா, கடையை என்ன செய்வது, எல்லாம் நீ வந்தபின் பேசுவோம். நீ முதலில் பேசு.

நேரம் போகாமல் இரண்டு பையையும் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதிப் பாதியாகப் பிரித்து அடுக்கிவிட்டேன். கற்களையும்தான். தூக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே கனம். இப்போது எது உன்னுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. நீ வந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
நத்தை